பவர் இல்லாத கலர் லென்ஸ்தானே என்று ஃபேன்சி ஸ்டோரில் வாங்காதீர்கள்

என் வலது கருவிழியின் ஓரத்தில் ரவை அளவு வெள்ளைத் தழும்பு ஒன்று இருக்கிறது. போன தை மாதம் வரை அது இல்லை.

சித்தி மகள் ரிசப்ஷனுக்காக தி.நகரில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு, ரங்கநாதன் தெருப் பக்கம் ஒரு சந்தில் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். வளையல், ஹேர் க்ளிப்புக்கு நடுவில் சின்னச் சின்ன கண்ணாடிக் குப்பிகளில் கலர் லென்ஸ். ஹேசல் நிறம், ஜோடி 350 ரூபாய்.

"கண்ணு செக் பண்ண வேணாமாண்ணா?" என்று கேட்டேன்.

"பவர் இல்லாததுதானேம்மா, யாருக்கு வேணா செட் ஆகும். ஒரு வருஷம் போடலாம்" என்றார். கூடவே ஒரு சின்ன பாட்டில் சொல்யூஷன் கொடுத்து, "இது தீந்துட்டா கேன் தண்ணியில கழுவிக்கோ, ஒண்ணும் ஆவாது" என்றார். பில் தரவில்லை.

ரிசப்ஷன் அன்று ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே தைரியம் வந்து மறுபடி மறுபடி போட்டேன். சொல்யூஷன் தீர்ந்தது, அவர் சொன்னபடியே கேன் தண்ணியில் கழுவினேன். அடுத்த நாள் காலையில் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டாலே குத்தியது.

வீட்டில் எல்லோரும் மெட்ராஸ் ஐ என்றார்கள். அம்மா தனித் துண்டு, தனித் தலையணை எடுத்து வைத்தார். தெருமுனை மெடிக்கல்லில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மூன்று நாள் விட்டேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது எனக்குத் தெரியாது. கிருமி தின்றுகொண்டிருக்கும் கருவிழிக்கு ஸ்டீராய்டு விட்டால் புண் இன்னும் ஆழமாகப் போகுமாம். அந்த மூன்று நாளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

நான்காம் நாள் கண் மருத்துவரிடம் போனேன். ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றை இமைக்குள் தொட்டு வைத்து, நீல விளக்கில் பார்த்தார். தன் போனில் படம் எடுத்து என்னிடமும் காட்டினார். கருவிழியில் ஒரு இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. கார்னியல் அல்சர், அதாவது கருவிழியில் புண். அதைச் சுரண்டி, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியதில் சூடோமோனாஸ் கிருமி என்று வந்தது. மணிக்கொரு தடவை சொட்டு மருந்து, ராத்திரியிலும். அம்மா அலாரம் வைத்து எழுந்து எழுந்து விட்டார்.

அங்கே கண் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் என் லென்ஸை ஈரப் பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் தேய்த்தார். பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. சாயம் மேலேயே இருந்திருக்கிறது, உள்ளே பொதியப்படவில்லை. குப்பியில் லாட் எண் இல்லை, காலாவதி தேதி இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை. "சொல்யூஷன்" என்று கொடுத்தது வெறும் சலைன், உப்புத் தண்ணீர். அலசலாம், கிருமியைக் கொல்லாது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "உன் கைல அழுக்கு இருந்திருக்கும்" என்றார். கையில் பில் இல்லாமல் என்ன பேசுவது?

போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பவர் இல்லாவிட்டாலும் கருவிழியின் வளைவை அளந்துதான் லென்ஸ் தர வேண்டும். பெட்டியில் பி.சி. (வளைவு) 8.6, டயா (விட்டம்) 14.2 என்று போட்டிருப்பது அதற்குத்தான். இறுக்கமாக உட்கார்ந்தால் கண்ணுக்குப் போகும் ஆக்ஸிஜன் குறையும். நம் கறுப்புக் கண்ணுக்கு லேசான டின்ட் எடுபடாது, கண் நிறத்தையே மறைக்கும் ஒபேக் லென்ஸ்தான் தெரியும். ஆனால் அதன் நடுவில் இருக்கும் துளையைவிட இருட்டில் கண்பாப்பா பெரிதாக விரியும், பார்வை ஓரத்தில் மங்கும். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி ஸ்கூட்டி ஓட்டாதீர்கள்.

சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, காய்ந்த கையால்தான் தொட வேண்டும். லென்ஸ் முதலில், மை அப்புறம். கழற்றும்போதும் லென்ஸ்தான் முதலில். பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டு தினமும் புதிதாக ஊற்றுங்கள். லென்ஸ் வைக்கும் டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், எச்சில் எதுவும் படக் கூடாது. தண்ணீரில் இருக்கும் அகந்தமீபா என்ற நுண்ணுயிரி கண்ணுக்குள் வந்தால் மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். தூங்கும்போது போடவே போடாதீர்கள். தோழிக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

லென்ஸ் போடுகிறவர்களுக்குக் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் மெட்ராஸ் ஐ என்று வீட்டில் உட்காராதீர்கள். மெடிக்கல்லில் கேட்டு மருந்து விடாதீர்கள். லென்ஸைக் கழற்றுங்கள், தூக்கிப் போடாமல் டப்பாவோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள், அதிலிருந்தும் கல்ச்சர் எடுப்பார்கள். காசு இல்லையென்று தள்ளிப் போடாதீர்கள், எழும்பூரில் 1819-லிருந்து இருக்கும் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.