மரியோ வொண்டரை முடித்த கையோடு, பழைய கேசட் மரியோவையும் சேர்த்து

சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர் என்ற வீடியோ கேம் வந்தது 2023 அக்டோபரில். நான் பணம் சேர்த்து செகண்ட் ஹேண்டில் நின்டென்டோவின் ஸ்விட்ச் கேம் பெட்டி ஒன்றை வாங்கி, அப்புறம் இந்த கேமுக்கென்று தனியாகச் சேர்த்து, போன ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி வில்லன் பௌசரை வீழ்த்தினேன். பக்கத்தில் அக்கா மகன், ஒன்பது வயசு, சோபா மேலேயே எழுந்து நின்று குதித்துவிட்டான். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடம் சின்னது. அவன் போட்ட குதியில் கீழ்வீட்டு ஆயா மாடியேறி வந்து என்னடி சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். தனியாக ஆடுபவர் என்றாலும் வாங்கலாம், ஆனால் பாஸ் எனப்படும் பெரிய வில்லன்களோடு போடும் சண்டைகளில் ஏமாற்றம் இருக்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால் அதற்கு 1998-க்குப் போக வேண்டும்.

அப்போது எங்கள் தெருமுனை வீடு ஒன்றின் முன்னறையில் மூன்று டிவி வைத்து, அரை மணிக்கு மூன்று ரூபாய் வாங்கிக்கொண்டு டிவி கேம் ஆட விடுவார்கள். பெண் பிள்ளைகள் அங்கே போகும் வழக்கமில்லை, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு போனதால் எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. கடைக்கார அண்ணன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், "டைம் ஆச்சு, எழுந்துக்கோ" என்றால் எட்டாவது உலகத்தில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். அடுத்த தீபாவளிக்கு எம்.சி. ரோட்டில் துணி எடுத்த மிச்சத்தில் அப்பா பர்மா பஜாருக்கு அழைத்துப் போய் எங்களுக்கே ஒன்று வாங்கித் தந்தார். கேசட் மேல் 9999 கேம் என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் நாற்பதுகூடத் தேறாது, மீதியெல்லாம் அதே கேம் வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். எங்களுக்கு அது குறையாகவே படவில்லை.

அதில் நான் தேய்த்தது மரியோ. 1985-ல் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கியது, மொத்தம் 40 கிலோபைட், இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் ஓரத்தில் அடங்கிவிடும். அதற்குள் எட்டு உலகம், முப்பத்திரண்டு கட்டம். ஆனால் அந்த கேமின் உயிர் எண்ணிக்கையில் இல்லை, குதியில் இருக்கிறது. பட்டனைத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி, ஓடி வந்து குதித்தால் இன்னும் தூரம், காற்றில் இருக்கும்போதே கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தவும் முடியும். வலது கட்டைவிரலின் நுனியை பி பட்டன் மேல் வைத்து ஓடிக்கொண்டே, அதே விரலின் கணுவைச் சாய்த்து ஏ பட்டனை அழுத்த வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, விரல் தானாகக் கண்டுபிடித்தது. ஒரு வருஷத்தில் ஏ பட்டனுக்குக் கீழே இருக்கும் ரப்பரில் கறுப்பு தேய்ந்துபோய், அழுத்திப் பிடித்தாலும் பாதியிலேயே விட்டுவிட ஆரம்பித்தது. பெரிய குதி வராது, நேராகப் பள்ளம்தான். அண்ணன் ரிமோட்டைப் பிரித்து, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கடுகளவு வெட்டி ரப்பரில் ஒட்டினான். மறுபடி குதி வந்தது. ஒரு பிளாட்ஃபார்ம் கேம், அதாவது தாவித் தாவிப் போகும் கேம், நல்லதா கெட்டதா என்று நான் இன்றைக்கும் பார்ப்பது அதைத்தான். விழுந்தால் தப்பு என் விரலில் என்று எனக்குத் தெரிய வேண்டும். கேம் ஏமாற்றிவிட்டது என்று ஒரு முறை தோன்றிவிட்டால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மனசு விட்டுப்போகும்.

இன்னொன்று, எங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கையேடும் கிடையாது. ஆனாலும் முதல் கட்டத்தை அரை மணியில் கற்றுக்கொண்டோம், ஏனென்றால் அந்தக் கட்டமே வாத்தியார். முதலில் ஒரு பழுப்புக் காளான்காரன் நடந்து வருவான், தொட்டால் சாவு. அவனைத் தாண்டக் குதித்தால் மேலே இருக்கும் கேள்விக்குறிப் பெட்டியில் தலை இடிக்கும். அடுத்த பெட்டியிலிருந்து நல்ல காளான் வெளியே வந்து வலப்பக்கம் போய், குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வரும், பயந்து ஓடுகிறவன் மேலும் அது வந்து ஒட்டிக்கொள்ளும். கட்டத்தின் கடைசியில் இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிராக இருக்கும், நடுவில் வெறும் தரை, விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டியதும் அதே போல இன்னொரு ஜோடி, நடுவில் பள்ளம். முதலில் பழகவிட்டு அப்புறம் பரீட்சை வைக்கிறான். மியாமோட்டோ மேல் எனக்கு மரியாதை வந்தது இந்தப் படிக்கட்டை வளர்ந்த பிறகு கவனித்தபோதுதான். கடைசிக் கோட்டையைத் தவிர ஒவ்வொரு கோட்டை முடிவிலும் ஒரு தலைப்பாகைக்காரன் நின்று இரண்டு வரி சொல்வான், இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று. நாங்கள் அதை 'ஜெயிச்சதுக்கு வாழ்த்து' என்றே நம்பிக்கொண்டிருந்தோம்.

எல்லாப் பழைய கேமும் இப்படி இருந்தது என்று சொல்லமாட்டேன். ஐஸ் கிளைம்பரில் நேரே மேலே குதிப்பான், பக்கத்தில் நகரச் சொன்னால் அடம் பிடிப்பான், அதை ஆடினாலே எனக்குக் கோபம் வரும். அட்வென்ச்சர் ஐலண்ட் பிடிக்கும். ஓலைப் பாவாடை கட்டிய தொப்பிக்காரன், கோடாலி வீசிக்கொண்டு ஓடுவான், பசி குறைந்துகொண்டே வரும், பழம் தின்றுகொண்டே போக வேண்டும். அதில் கத்தரிக்காய் ஒட்டிக்கொண்டால் உயிர் மளமளவென்று இறங்கும். அந்தக் காலத்தில் அம்மா கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தால் அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதைத்தான் காரணம் சொல்வான். கான்ட்ராவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அது தாவலை விடச் சுடுவது அதிகம். ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூமில் ஆடிய டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா இரண்டும் வேறு ஜாதி. பெர்சியாவை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓட விட்டு, தாவ விட்டு, வீடியோ எடுத்து அதைப் பார்த்தே ஒவ்வொரு அசைவையும் வரைந்தார். அதனால்தான் அந்த இளவரசன் ஓடி நிற்க இரண்டடி ஆகும், விளிம்பில் கால் தடுமாறும், கனம் தெரியும்.

ஸ்விட்சில் பழைய மரியோவும் ஆடக் கிடைக்கிறது. ஆசையாகப் போட்டேன், முதல் கட்டத்திலேயே மூன்று உயிரும் போனது. கை மறந்துவிட்டதோ என்று உண்மையாகவே வருத்தப்பட்டேன். அப்புறம்தான் புரிந்தது, இது வேகமாக ஓடுகிறது. அந்த கேம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், என்ற கணக்கில் எழுதப்பட்டது, நம் ஊர் டிவிக்கு நொடிக்கு 50, எங்கள் பர்மா பஜார் பெட்டியும் அந்த 50-க்கேற்றதுதான். ஆக நாங்கள் வருஷக்கணக்கில் ஆடியது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடிய மரியோ. பாட்டும் அப்படித்தான், என் காதில் இருக்கும் மெட்டு கொஞ்சம் ஆறஅமர வரும். ஒரு வாரம் ஆடிப் புது வேகத்துக்கு விரலைப் பழக்கினேன். இப்போது பழைய வேகம்தான் வினோதமாக இருக்குமோ என்னவோ, அந்தப் பெட்டி இல்லை, சோதிக்க முடியாது.

சரி, வொண்டருக்கு வருகிறேன். இதில் தெசுகாதான் தயாரிப்பாளர், 1985-ல் இருந்த அதே மனிதர். குதி பழைய குதியேதான், விரல் உடனே வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. புதுசு என்னவென்றால் பெரும்பாலான கட்டங்களில் ஒரு வொண்டர் பூ இருக்கும், அதைத் தொட்டால் அந்தக் கட்டமே புத்தி மாறிவிடும். முதல் உலகத்திலேயே கடிக்கும் செடிகள் குழாயிலிருந்து இறங்கி வரிசையாகப் பாடிக்கொண்டு ஊர்வலம் போகும், குழாய்கள் புழு மாதிரி நெளியும். பையன் முதல் முறை அதைப் பார்த்துவிட்டு "சித்தி, தேர் போவுது" என்றான். இன்னொரு கட்டத்தில் காட்டெருமைக் கூட்டம் மாதிரி ஒன்று பாய்ந்து வரும், அதன் முதுகில் ஏறி ஓடலாம். எனக்கு இதில் பெரிய விஷயமாகப் பட்டது, இவ்வளவு கூத்திலும் குதியின் கணக்கை அவர்கள் மாற்றவில்லை. நேரக் கணக்கு கிடையாது, பழைய மரியோவில் 400-லிருந்து இறங்கிக்கொண்டே போகுமே, அந்தப் பதற்றம் இல்லை, பிள்ளைகள் மூலை முடுக்கெல்லாம் தட்டிப் பார்க்கலாம்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதுதான் இதன் சிறப்பு. இதற்கு முன்பு வந்த நியூ சூப்பர் மரியோவில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு வீட்டில் சண்டையே வரும். இதில் ஆளோடு ஆள் மோதுவதில்லை. ஒருவர் செத்தால் ஆவியாக மிதப்பார், ஐந்து நொடிக்குள் மற்றவரைத் தொட்டுவிட்டால் உயிர் திரும்பும். எங்கள் வீட்டில் சாயங்காலம் முழுக்க "சித்தி நான் பூட்டேன், வந்து தொடு, வந்து தொடு" என்ற குரல்தான். யோஷி என்ற டைனோசரை எடுத்தால் எதிரி தொட்டாலும் அடிபடாது, பள்ளத்தில் விழுந்தால் மட்டும்தான் சாவு, சின்னவர்களுக்கு அது நல்ல தொடக்கம். இவன் மூன்று வாரம் பச்சை யோஷியோடு சுற்றிவிட்டு, ஒருநாள் தானாகவே மரியோவின் தம்பி லூயிஜிக்கு மாறினான், கேட்டதற்கு "அடிபடாம ஆடுனா போர் அடிக்குது" என்றான். நான் பீச்சை எடுத்தேன். கோட்டையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்த இளவரசியை எடுத்து நானே ஓடுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம், அதை ஒளிக்க மாட்டேன்.

குறைகள். பௌசரின் மகன் பௌசர் ஜூனியர் ஒவ்வொரு கோட்டையிலும் திரும்பத் திரும்ப வருகிறான், சண்டையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, கட்டங்களில் இவ்வளவு கற்பனை காட்டியவர்கள் இங்கே ஏன் கையைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. பேசும் பூக்கள் வழியெல்லாம் வாயைத் திறக்கும், எனக்கு அரை மணிக்கு மேல் தாங்கவில்லை, நல்லவேளை செட்டிங்கில் அணைத்துவிடலாம். விலை அமெரிக்காவில் 60 டாலர், இங்கே இறக்குமதிக் கடைகளில் கடைக்குக் கடை மாறுகிறது, நாலு இடம் விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

தனியாக ஆடுபவர்களுக்கு நான் செலஸ்ட் என்ற கேமைத்தான் முதலில் சொல்வேன். 2018-ல் வந்தது, மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை, ஆனால் அவள் மனசுக்குள் இருக்கும் பதற்றமும் கூடவே ஏறுகிறது. ஒவ்வொரு திரையும் ஒரு அறை மாதிரி, செத்தால் அதே அறையின் வாசலில் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடுவாள். காற்றில் ஒரு முறை பாயலாம், பாய்ந்ததும் சிவப்பு முடி நீலமாகிவிடும், தரையைத் தொட்டால் மறுபடி சிவப்பு. பாய்ச்சல் மீதி இருக்கிறதா என்று எங்கேயும் படிக்க வேண்டாம், முடியைப் பார்த்தால் போதும். விளிம்பைத் தாண்டி ஓரிரு ஃபிரேம் கழித்துக் குதி பட்டனை அழுத்தினாலும் குதி வரும், நமக்குத் தெரியாமலே கை கொடுக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி வருவதற்குள் ஒரு அறை, சென்ட்ரலுக்குள் இன்னொன்று, வேலைக்குப் போகிற வழியிலேயே பாதி மலை ஏறினேன். நாலாவது அத்தியாயத்தில் தொங்கும் பெட்டி பாதியில் நின்று அவளுக்கு மூச்சு முட்டும்போது, கூட வந்தவன் ஒரு இறகைக் காற்றில் மிதக்க விடுவதுபோல் மூச்சு விடு என்பான், அந்த இறகை நாம் பட்டனால் ஏற்றி இறக்க வேண்டும். ஹை கோர்ட் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த நான் என் மூச்சையும் அதோடு சேர்த்தே விட்டுக்கொண்டிருந்தேன்.

ஹாலோ நைட் சில்க்சாங் என்ற கேம் 2025 செப்டம்பரில் வந்தது, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்தது. அதன் நாயகி ஹார்னெட் ஓடுவதும் சாய்வாகக் கீழே பாய்ந்து குத்துவதும் அழகோ அழகு. ஆனால் பாஸிடம் தோற்றால் சில இடங்களில் கடைசியாக உட்கார்ந்து சேமித்த பெஞ்சிலிருந்து அவ்வளவு தூரம் மறுபடி ஓடி வர வேண்டும், வழியில் இருப்பவர்களும் ஒரு அடிக்கு இரண்டு உயிர் பிடுங்குகிறார்கள். கஷ்டம் எனக்குப் பிரச்சினை இல்லை, ஏற்கெனவே தெரிந்த வழியை இருபது முறை நடக்க வைப்பதுதான் பிரச்சினை. பொறுமை இருப்பவர்கள் ஆடலாம். ஆஸ்ட்ரோ பாட் என்ற கேமை ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் இரண்டு நாள் மட்டும் ஆடினேன், புல்லில் நடந்தால் ஒரு மாதிரி, உலோகத்தில் நடந்தால் ஒரு மாதிரி, கைக்குள் அதிர்வது தெரிகிறது, 2024-ன் சிறந்த கேம் விருது வாங்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

வொண்டரில் எனக்கு இன்னும் ஒரு கட்டம் பாக்கி, ஸ்பெஷல் உலகத்தின் கடைசி பேட்ஜ் மாரத்தான், ஆளுக்குத் தனித்தனித் திறமை தரும் பேட்ஜ்களை மாற்றி மாற்றி ஓட வைக்கும் கட்டம். அதன் முடிவில் ஆளே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், எங்கே நிற்கிறாள், எவ்வளவு உயரத்தில் இருக்கிறாள் என்று திரையில் ஒன்றும் காட்டாது. பட்டனை எவ்வளவு நேரம் பிடித்தேன் என்ற கணக்கை வைத்தே தாவ வேண்டும். நேற்று ராத்திரி மட்டும் முப்பத்தொரு உயிர் போனது. பையன் தூங்கப் போகும்போது "கண்ண மூடிக்கோ சித்தி, எப்படியும் தெரியப் போறதில்ல" என்றான். மூடிக்கொண்டு ஒரு முறை ஆடினேன், அதுவரை போன தூரத்தை விட இரண்டு தாவல் கூடப் போனேன்.