முனிசிபல் மணி (Municipal Money): மாநகராட்சிக் கணக்கைப் பார்க்க ஒரு இணையதளம்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டுவரி கட்டுகிறவர்கள் ஒரு தடவையாவது இதைத் திறந்து பார்க்கலாம். தென்னாப்பிரிக்கத் தேசியக் கருவூலம் 2016-இல் தொடங்கிய தளம், இலவசம். எத்தேக்வினி (டர்பன் மாநகராட்சியின் பெயர்) என்று தட்டினால் கையிருப்பு, பட்ஜெட்டில் செலவானது, வீண்செலவு எல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வந்து நிற்கும். எனக்குப் பிடித்தது பராமரிப்புக் கணக்கு. சொத்து மதிப்பில் 8 சதவீதமாவது பழுதுபார்க்கப் போக வேண்டும் என்பது அளவுகோல். கூட்டத்தில் கவுன்சிலரை மடக்க அந்த ஒரு வரி போதும். அப்புறம், ஜொகன்னஸ்பர்க், கேப் டவுனோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். ஆனால் எங்கள் தெருச் சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. மாநகராட்சி தானே அனுப்பிய கணக்குதான் இதில் ஏறுகிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் கண்ணுக்குப் போன் திரை சரிப்படவில்லை, மகளின் லேப்டாப்தான். 5-க்கு 4.