ஆழமான குடாவில் இரண்டு இரவுகள்

ஐஸ்லாந்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலானோர் தெற்குக் கரையோடு திரும்பிவிடுகிறார்கள். நோர்வேயில் வசிக்கும் அக்காவும் அத்தானும் கடந்த ஜூலையில் அம்மாவையும் என்னையும் அங்கே அழைத்துச் சென்றபோது, நாட்டின் வடமேற்கில், ஸ்ட்ராண்டிர் கரையோரத்திலுள்ள ட்யூப்பாவிக் என்னும் முன்னாள் மீன்பிடிக் கிராமத்தில் இரண்டு இரவுகள் தங்கினோம். அப்பெயருக்கு ஆழமான குடா என்று பொருள். திருகோணமலையில், கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் வளர்ந்தவன் என்பதால், அந்தப் பெயருக்காகவே நான் அவ்விடத்தைக் கேட்டு வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அங்குள்ள விடுதி 1985இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்த மரக்கட்டடம், ஹெரிங் மீனுக்கு உப்பிட வந்த பெண்கள் தங்கிய வீடாக இருந்தது. அறைகள் சிறியவை, குளியலறை பொதுவானது. நிலாவெளிக் கடற்கரை விடுதிகளின் வசதியை மனத்தில் கொண்டு செல்பவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. ஆனால், பகல் முழுவதும் மீனோடு நின்ற பெண்கள் உறங்கிய கூரையின் கீழ் உறங்குகிறோம் என்பதை அறிந்த பின் அறையின் அளவைப் பற்றி எங்களில் எவரும் பேசவில்லை. ஐஸ்லாந்தில் அப்பெண்களுக்குப் பீப்பாய்க் கணக்கில்தான் கூலி. ஒரு பீப்பாய் நிறைந்ததும் கூலிக் கணக்குக்கு அடையாளமாக ஒரு சிறு வில்லை கொடுப்பார்கள், அதைச் சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டு அடுத்த பீப்பாய்க்குக் குனிவார்கள். கருவாட்டு வாடிகளில் பெண்கள் படும் பாட்டைக் கண்டிருந்த அம்மா, அந்த வில்லையைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டார்.

விடுதியை விடவும் இங்கு வருவதற்கு உரிய காரணம், அதனருகே கிடக்கும் தொழிற்சாலைதான். 1917இல் இங்கே தொடங்கப்பட்ட முதல் உப்பிடும் நிலையம் இரண்டே ஆண்டுகளில் நொடித்துப்போனது. பின்னர் 1934இல் புதிய நிறுவனமொன்று உருவாகி, ஏறத்தாழ ஓராண்டுக்குள் 90 மீற்றர் நீளமான கொங்கிறீற்றுக் கட்டடத்தை எழுப்பி, 1935இல் வேலையைத் தொடங்கியது. அக்காலத்தில் அந்நாட்டின் மிகப் பெரிய கொங்கிறீற்றுக் கட்டடம் அதுவே. ஹெரிங் நம்முடைய சூடை, சாளை ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது, கொழுப்பு மிகுந்தது. அதை அவித்து, பிழிந்து, எண்ணெயைப் பிரித்தெடுத்து, எஞ்சிய சக்கையை உலர்த்தி அரைத்து மாவாக்கினார்கள். இந்த வேலைகள் நடந்த வரிசையிலேயே வழிகாட்டி நம்மை நடத்திச் செல்வதால், துருவேறிய கொதிகலனும் உருளையும் எதற்காக அங்கே நிற்கின்றன என்பது விளங்குகிறது. 1940களின் நடுவில் மீன் வரத்துக் குறைந்தது. 1954இல் ஆலை மூடப்பட்டது. வெள்ளையடித்து அழகுபடுத்தாமல், ஒழுகும் கூரையையும் உதிரும் சுவரையும் உள்ளபடியே காட்டுகிறார்கள். எனக்குப் பிடித்ததும் அதுதான். எண்ணெய்த் தாங்கியினுள் அத்தான் இருமினார், அந்த ஒலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. திருகோணமலைச் சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களில் ஒன்றினுள்ளாவது இப்படி ஒருவர் கதை சொல்லி நம்மை அழைத்துச் செல்ல மாட்டாரா என்று, அந்த இருட்டில் நின்றபடி நான் ஏங்கினேன்.

ஆலைக்கு அருகே கரையேற்றப்பட்ட நிலையில் சுடுர்லாண்ட் என்ற பழைய நீராவிக் கப்பல் கிடக்கிறது. 1891இல் கட்டப்பட்ட அது, இறுதியில் தொழிலாளர் தங்குமிடமாகப் பயன்பட்டது. இப்போது விலா எலும்புகள் போல இரும்புச் சட்டங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன.

உணவு எளிமையானது. முதல் இரவு மீனும் மறுநாள் ஆட்டிறைச்சிச் சூப்பும் கிடைத்தன. இரண்டும் நன்றாகவே இருந்தன. காலையில் வைக்கப்பட்ட ஊறிய ஹெரிங்கில் சர்க்கரையும் சேர்ந்திருந்தது. கொறுக்காய்ப் புளியில் ஊறிய ஜாடி மீனை உண்டு பழகிய அம்மா ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை, எனக்கோ இரண்டாம் நாளே அது பழகிவிட்டது.

பாதை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அருகிலுள்ள சிறு நகரமான ஹோல்மாவிக்கிலிருந்து வரும் வழியில் பெரும்பகுதி சரளைக்கல் வீதி, சில இடங்களில் ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலும் நெருக்குகின்றன. நாங்கள் வாடகைக்கு எடுத்த சிறிய கார் இதற்குப் பொருந்தாதது என்பதை, அதைத் தந்த நிறுவனம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருந்தும் சொல்லவில்லை. வழியில் ஒரு சில்லுக் காற்றுப் போய், அத்தான் அரைமணி நேரம் மழையில் நின்றார். உயரமான வாகனமே எடுங்கள். நடுக்குளிர்காலத்தில் இவ்வீதி பனியால் அடைபடக்கூடும் என்பதால், கோடையைத் தவிர வேறு காலத்தைத் திட்டமிட வேண்டாம். ஜூலையில் இரவு இருட்டுவதில்லை, தடித்த திரைச்சீலை இருந்தும் அம்மாவுக்கு உறக்கம் வரவில்லை.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால், வடக்கே கிரோஸ்னெஸ் என்ற இடத்தில் கடலோரமாக உள்ள வெந்நீர்க் குளத்துக்கும் போகலாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் மொண்டு தலையில் ஊற்றிப் பழகிய நமக்கு, அலைக்கு எதிரே கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்திருப்பது புதிய சுகம். துவாயை மறக்காமல் கொண்டுபோங்கள்.