கணப்புக்குள் அடுப்படிச் சிம்னி பைப்: பெங்களூர்க்காரர்கள் கவனிக்கவும்

பழைய பங்களா வீட்டில் இருப்பவர்கள், கணப்பில் (ஃபயர்பிளேஸில்) விறகு ஸ்டவ் வைக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு குக் டவுனில், தாத்தா காலத்தது. ஹாலில் செங்கல் கணப்பு உண்டு, பல வருடமாக எரிக்கவில்லை. அம்மாவுக்கு மார்கழிக் குளிர் தாங்காது என்று இரும்பு ஸ்டவ் ஒன்று வாங்கினோம். அதை அப்படியே பழைய புகைக்கூண்டின் அடியில் வைத்துவிட முடியாது. அந்தக் கூண்டு திறந்த நெருப்புக்காக அகலமாகக் கட்டியது. ஸ்டவ்விலிருந்து வரும் கொஞ்சப் புகை ஏறும்போதே ஆறி, சுவரெல்லாம் தாராகப் படியும்; ஒருநாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். காரை உதிர்ந்த இடுக்கு வழியே கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அறைக்குள் கசியும். அதற்கு வாசனையே கிடையாது. அதனால்தான் ஸ்டவ்விலிருந்து உச்சி வரை 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர், அதாவது உள்குழாய், இறக்க வேண்டும். எங்கள் ஸ்டவ்வுக்கு 150 மி.மீ. விட்டம்.

ஆள் கிடைப்பதுதான் பாடு. இந்த ஊரில் சிம்னி என்றாலே சமையலறைச் சிம்னிதான். வந்தவர் தமிழ் பேசினார். "அக்கா, ஊட்டியில நிறைய பங்களாவுக்கு நான்தான் போட்டேன்" என்றார். நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு துண்டுக் குழாயில் காந்தத்தை வைத்து, "பாருங்க, ஒட்டல. ஒரிஜினல் எஸ்எஸ்" என்றார். 85,000 ரூபாய் பேசி, 60,000 முன்பணம் கொடுத்தேன். நான் ஆபீஸ் போயிருந்த நாளில் வேலையை முடித்துவிட்டார். மீதியையும் ஜிபே செய்தேன். பில் அப்புறம் அனுப்புகிறேன் என்றார், இன்றுவரை வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை அம்மா தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். வராண்டாவில் போய் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. மறுநாளும் ஸ்டவ் பற்ற வைத்த அரை மணியில் அதே வலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெருப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். இப்போது நன்றாக இருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அல்சூரிலிருந்து தெரிந்த மேஸ்திரி வந்து, ஸ்டவ்வை நகர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தார். "அம்மா, இது அடுப்படிச் சிம்னிக்குப் போடுற பைப்புமா" என்றார். கீழே கண்ணில் படும் இரண்டடி அசல் ஸ்டீல். உச்சியில் தொப்பிக்குக் கீழே ஒரு முழம் அசல் ஸ்டீல். நடுவில் முழுக்க அலுமினிய மடிப்புக் குழாய். இணைப்பில் ஒட்டிய வெள்ளி நிற டேப் சூட்டில் சுருண்டு, விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. இழுத்து வெளியே போட்டோம். மடிப்புக்குள் கறுப்புப் பிசின். இரண்டு விரலால் அழுத்தினேன், நசுங்கியது. நகம் பட்ட இடத்தில் கிழிந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். கூண்டுக்குள் தார் பற்றினால் சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். எங்கள் கூரையோ மரச்சட்டமும் மங்களூர் ஓடும்.

காந்தத்தைக் காட்டினால் நம்பாதீர்கள். 316 ஸ்டீலில் காந்தம் ஒட்டாது, சரி. அலுமினியத்திலும் ஒட்டாதே! உள்ளே இறக்குவதற்கு முன் முழுச் சுருளையும் வாசலில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் ஒட்டு இருக்கக் கூடாது. நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில்தான் வேலை நடக்கட்டும். புகை விட்டுச் சோதித்துக் காட்டிய பிறகு மீதிப் பணம். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை முதல் தீ மூட்டும் முன்பே மாட்டிவிடுங்கள்; நான் மாட்டாமல் விட்டது பெரிய தப்பு.

குழாய் போட்டவருக்குப் போன் செய்தேன். "நீங்க விறகு அதிகமா போட்டிருப்பீங்க அக்கா" என்றார். அதன் பிறகு எடுக்கவே இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை. பில் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் பேச்சும் ஜிபே கணக்கும் கையில் இருக்கின்றன. அந்த அலுமினியக் குழாயைச் சாக்கில் கட்டி வராண்டாவில் வைத்திருக்கிறேன், விசாரணைக்கு அதையே எடுத்துப் போகப்போகிறேன்.