ஒரே பெயர்ப் பலகை, இரண்டு விதமான சேர்விஸ்

திருகோணமலையில் புதிதாகக் கார் வாங்கியவரிடம் முதலில் கேட்கிற கேள்வி, "சேர்விஸுக்கு எங்க குடுக்கப் போறீங்க?" என்பதுதான். கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒயில் மாற்ற அவ்வளவு தூரம் போக முடியாது. என்னுடையது ஜப்பான் ஹைபிரிட், பெற்றோலோடு பற்றரியிலும் ஓடுகிற கார். வீடு உப்புவெளியில், படிப்பிக்கிறது மூதூரில். கிண்ணியாப் பாலத்தால் தினமும் போய்வருகிறேன். கொம்பனியின் கொழும்புச் சேர்விஸ், அதே கொம்பனியின் வெளிமாவட்டக் கிளை, ஊரில் அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட இருக்கிற கராஜ் என்று மூன்று இடத்திலும் குடுத்துப் பார்த்துவிட்டேன்.

கொழும்பில் காரை உயர்த்தி, என்னைக் கூப்பிட்டு அடியைக் காட்டினார்கள். முன் பிரேக் பாட் மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்துப் போனேன். அளந்து பார்த்த தம்பி, "இன்னும் ஆறு மில்லிமீற்றர் இருக்கு மிஸ், இப்ப மாத்தத் தேவையில்ல" என்றார். விற்கக்கூடிய ஒரு பாட்டை விற்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்களை நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடுதான் கிளைக்குப் போனேன். பலகை அதே, சீருடை அதே, பில்லும் அதே மாதிரி. ஆனால் வேலை நடக்கிற இடத்துக்குள் வாடிக்கையாளரை விடமாட்டார்கள். திறப்பை வாங்கினார்கள், பின்னேரம் கழுவித் துடைத்துத் தந்தார்கள். பில்லில் 'பிரேக் சுத்தம்', 'ஹைபிரிட் பரிசோதனை' இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு போட்டிருந்தார்கள்.

கொஞ்ச நாளில் பின் சீற் பக்கமிருந்து விசிறி இரையத் தொடங்கியது. மூதூரால் வந்து இறங்கினால் முன் இடது சில்லில் சூட்டு மணம். சந்திக் கராஜ்காரர் முதலில் பின் சீற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றுத் துவாரத்தின் மூடியைக் கழற்றினார். "ரீச்சர், இதப் பாருங்க." உள்ளே இருந்த வலையில் தூசும் நூலும் தலைமயிரும் சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. ஹைபிரிட் பற்றரி அந்தத் துவாரத்தால் வருகிற காற்றில்தான் குளிர்கிறது. அது அடைத்தால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். புதுப் பற்றரி என்ன விலை என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிறகு சில்லைக் கழற்றினார். பாட்டை அழுத்திப் பிடிக்கிற பிரேக் கலிப்பர் நகர்கிற ஊசி கிறீஸ் ஒரு பொட்டும் இல்லாமல் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஒரு பக்கத்துப் பாட் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. கடற்காற்று ஊரில் இது அடிக்கடி வருகிற கோளாறு. சில்லைக் கழற்றிப் பார்த்திருந்தால் எவர் கண்ணிலும் பட்டிருக்கும்.

கிளைக்கு அழைத்துக் கேட்டேன். "சிஸ்டத்தில எல்லாம் டிக் போட்டிருக்கு மிஸ். திரும்பக் கொண்டு வந்தா சும்மா செய்து தாறம்." பெற்றோல் அடித்து, லீவு எடுத்து, செய்யாத வேலையைச் செய்விக்க நான் ஏன் போக வேண்டும்? எனக்குக் கோபம் காசுக்காக மட்டும் இல்லை. பிரேக் வேலை செய்ததாக எழுதிவிட்டுச் செய்யாமல் விடுவது உயிரோடு விளையாடுகிற காரியம்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்ப வழி விட்டது 2025 பெப்ரவரியில். இப்போதும் வரியோடு சேர்த்துப் புது விலை எட்டாத உயரத்தில்தான். கையில் இருக்கிற காரைத்தான் நம்மில் பலர் இன்னும் கனகாலம் ஓட்டப்போகிறோம். விற்கப் போனாலும், வாங்க வருகிறவர் மைலேஜை நம்பமாட்டார், கொம்பனிப் பதிவைக் கேட்பார். அதனால் கொம்பனியை ஒரேயடியாக விடவும் முடியாது.

கராஜிலும் குறை இருக்கிறது. பதிவு என்று ஒரு கொப்பி மட்டும்தான். அதைப் பார்த்து யாரும் கூடக் காசு தரப்போவதில்லை. உதிரிப் பாகம் ஒறிஜினலா என்று பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இருந்து பார்க்க நல்ல கதிரை இல்லை, வெள்ளி மத்தியானம் பூட்டு. ஆனால் கியர்பொக்ஸ் ஒயிலைப் பற்றிக் கேட்டபோது அவரே, "அது கொம்பனியில செய்யிங்க ரீச்சர், சரியான ஒயிலும் மெசினும் என்னட்ட இல்ல" என்றார். தெரியாததைத் தெரியாது என்கிறவரிடம் காரை விட எனக்குப் பயமில்லை.

ஆகவே என் ஏற்பாடு இதுதான்: 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில், பிரேக், அந்த வலை எல்லாம் ஊர்க் கராஜில். பள்ளி விடுமுறையில் கொழும்புக்குப் போகும்போது கியர்பொக்ஸ் ஒயிலும் கொம்பியூட்டரில் கோளாறு பார்க்கிற ஸ்கானும் கொம்பனியில். அதோடு பதிவும் தொடரும். கிளைக்கு இனி இல்லை. அங்கேதான் குடுக்க வேண்டிய நிலை யாருக்காவது இருந்தால், காரை விடும்போதே கழற்றுகிற பழைய உதிரிப் பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லி, செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கிற ஜொப் காட்டில் எழுதுவியுங்கள். பற்றரி வலையைக் கழற்றி உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லில் அந்த வேலைக்குக் காசு கட்டாதீர்கள்.