கேபட் டிரெயிலை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள்

கனடாவின் கேப் பிரெட்டன் தீவின் வடபகுதியைச் சுற்றி வரும் கேபட் டிரெயில் சாலை மொத்தம் 298 கிலோமீட்டர்தான். அதனால் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். போகலாம்தான், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு வளைவுகளைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது. ஓர் இரவாவது வழியில் தங்குங்கள்.

எந்தத் திசையில் சுற்றுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெற்கே பாடெக் ஊரில் தொடங்கி இடஞ்சுழியாகப் போவதுதான் என் கட்சி. அங்கே வண்டி வலப்பக்கம் ஓடுவதால் கடல் நம் பக்கமே வரும், எதிர் வண்டிகளைக் கடக்காமல் காட்சிமுனைகளில் சட்டென்று ஒதுங்கி நிறுத்தலாம். முதல் நாள் கிழக்குக் கரையில் இங்கனிஷ் பக்கம் தங்கினால், மறுநாள் மாலை வெயில் நேராக விழும் நேரத்தில் மேற்குக் கரைக்கு வந்துவிடலாம். விளிம்பைப் பார்த்தாலே கால் கூசும் என்பவர்கள் மட்டும் எதிர்த்திசையில் போங்கள், மலையை ஒட்டியே ஓட்டலாம்.

பலரும் தவறவிடும் ஓர் இடம் இருக்கிறது. நீல்ஸ் ஹார்பரைத் தாண்டியதும் பிரதான சாலை கடலை விட்டு உள்ளே போய்விடும். அங்கே வொயிட் பாயின்ட் சாலையில் திரும்பிவிடுங்கள். பாதை குறுகல்தான், ஆனாலும் மீன்பிடிப் படகுகள் நிற்கும் சின்ன ஊர், அதைத் தாண்டிப் புல்வெளியில் நடந்தால் மூன்று பக்கமும் கடல், சட்டையைப் பிடித்து இழுக்கிற காற்று. கொஞ்ச தூரத்தில் அதே சாலை மறுபடி பிரதான வழியில் சேர்ந்துவிடும்.

அப்புறம் மேற்குக் கரை மலைமேல் இருக்கும் ஸ்கைலைன் நடைபாதை. கூட்டம் உண்டு, இருந்தும் விடக்கூடாது. பாதையில் ஓரிடத்தில் வேலி போட்டிருக்கிறார்கள். 1970களில் பூச்சி தாக்கி மரங்கள் பட்டுப்போக, புதிதாக முளைத்த கன்றுகளை மூஸ் மான்கள் மேய்ந்து தீர்த்துவிட்டன, காடு இருந்த இடம் புல்வெளியாகிவிட்டது. வேலிக்குள் மான்கள் நுழைய முடியாததால் மரக்கன்றுகள் தலைதூக்குகின்றன. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் முனையில் மரப்படிகளிலிருந்து தெரியும் காட்சி இன்னும் ஆழமாகப் படும். கீழே மலையை ஒட்டி வளைந்து போகும் சாலை, நீங்கள் இனி இறங்கப்போகும் வழி அதுதான். அந்தி பார்க்கத் தங்கினால் டார்ச் அவசியம், திரும்பும்போது ரோட்டில் மூஸ் நிற்கலாம், மெதுவாக ஓட்டுங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி இல்லை.

குறைகளும் உண்டு. செல்போன் சிக்னல் பல இடங்களில் சுத்தமாகக் கிடையாது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பனிமூட்டம் இறங்கினால் மலை மேல் ஒன்றுமே தெரியாது, அதற்காகவும் கூடுதலாக ஒரு நாள் கையில் இருப்பது நல்லது. சாலையின் ஒரு பகுதி தேசியப் பூங்காவுக்குள் போகிறது, அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது அறை கிடைப்பது கஷ்டம், அந்தச் சீசன் முடிந்ததும் பல விடுதிகளும் உணவகங்களும் மூடிவிடுகின்றன. பெட்ரோல் பங்குகளும் தள்ளித்தள்ளித்தான் இருக்கின்றன, சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் மேற்கே செட்டிகாம்பிலோ கிழக்கே இங்கனிஷிலோ டேங்கை நிரப்பிக்கொண்டு மலையேறுங்கள்.