பெரிய அளவு மாதிரி ரயிலுக்கு முதல் டிஜிட்டல் கண்ட்ரோலர் வாங்குவோர் கவனத்திற்கு: என் எட்டு மாதச் சேமிப்பு போன விதம்

நேற்று இரவு அந்த விற்பனைத் தளத்திலிருந்து கடைசி மறுமொழி வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்கூட இல்லை. எட்டு மாதங்கள் மாதந்தோறும் எடுத்துவைத்த பணம் அந்த ஒரு வரியோடு போய்விட்டது. கோபம் ஆறிய பிறகு எழுத உட்கார்ந்தால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடக்கூடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பவை 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் இரண்டு பெரிய மாதிரி என்ஜின்கள். 1968-ல் ஜெர்மனியின் லேமான் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் அறிமுகப்படுத்திய, தோட்டத்திலும் ஓடக்கூடிய வகையைச் சேர்ந்தவை. தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையைப் புரிந்து என்ஜினை இயக்கும் டிகோடர் என்ற சிறு மின்சுற்று இரண்டிலும் உண்டு. ஒன்றில் ஒலியும் புகை விடும் கருவியும்கூட உண்டு. இவற்றை டிஜிட்டல் முறையில் ஓட்டுவதற்கு, தண்டவாளத்துக்குக் கட்டளையும் மின்சாரமும் அனுப்பும் கருவியான கண்ட்ரோலரில், புதிதாகத் தொடங்குபவர் கையாளக்கூடிய ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். மாதிரி ரயில் பொருள்களை மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடை, பலர் பொருள் விற்கும் பொதுத் தளம் ஒன்றில், "எல்லா அளவு ரயில்களுக்கும் ஏற்றது" என்று விளம்பரப்படுத்தி, கண்ட்ரோலரும் அடாப்டரும் சேர்ந்த ஒரு தொகுப்பை வைத்திருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன் கடைக்குத் தொலைபேசியில் பேசி, என் என்ஜின்கள் எவை, எத்தனை பெட்டிகளை இழுக்கின்றன என்பதையெல்லாம் சொல்லி, இந்தக் கண்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று நேராகவே கேட்டேன். "5 ஆம்பியர், சார். நானே வீட்டில் பெரிய ரயில்தான் ஓட்டுகிறேன். டிசிசி என்ற இந்த டிஜிட்டல் கட்டளை முறை பொதுவான தரமுறை, சின்ன என்ஜினானாலும் பெரிய என்ஜினானாலும் அதே கட்டளைதான். நீங்கள் கவலையே படாதீர்கள்" என்றார் மறுமுனையில் இருந்தவர். கொஞ்சமும் அவசரப்படாமல் அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் பெரிய என்ஜின் ஒன்று ஓடும் காணொளியையும் அனுப்பிவைத்தார். அந்தக் காணொளியைப் பார்த்துத்தான் முழுப் பணத்தையும் கட்டினேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் நான் ஏமாந்தேன். தண்டவாளத்தின் வழியே போகும் டிஜிட்டல் கட்டளை எல்லா அளவுகளுக்கும் ஒன்றுதான் என்பதில் பொய்யில்லை. ஆகையால் சிறிய ரயிலுக்கான கண்ட்ரோலரை இணைத்தாலும் பெரிய என்ஜின் விளக்கைப் போடும், ஊதும், நகரவும் செய்யும்; ஆனால் பாரத்தை இழுக்கத் தேவையான மின்சாரம் அந்தக் கண்ட்ரோலரில் இருக்காது. காணொளியை இப்போது மீண்டும் பார்க்கிறேன். பெட்டி ஒன்றுகூட இணைக்காத தனி என்ஜின், சிறிய வட்டத்தில், புகையில்லாமல் மெல்ல ஊர்கிறது. அன்று எனக்கு அது ஓடுகிறது என்பது மட்டுமே கண்ணில் பட்டது.

பொருள் வந்த அன்று, கண்ட்ரோலரில் என்ஜினை அழைக்கும் எண்ணான முகவரி 3-ஐத் தேர்ந்தெடுத்ததும் ஊதல் கேட்டபோது அடைந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நான்கு பெட்டிகளைப் பூட்டி முழு வேகம் கொடுத்தும் என்ஜின் நடைவேகத்தைத் தாண்டவில்லை. புகையைப் போட்ட சில நொடிகளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. இரண்டாவது என்ஜினையும் சேர்த்து ஓட்டியபோது புறப்படுவதற்குள்ளேயே நின்றுபோனது. அதன் பிறகுதான் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 15 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 30 வாட். பெரிய ரயிலுக்கு 18 முதல் 24 வோல்ட் வரையும், ஏறக்குறைய 5 ஆம்பியரும் வேண்டும். 20 வோல்ட் என்று வைத்துக்கொண்டாலே 100 வாட் ஆகிறது. நண்பர் ஒருவரின் வலுவான கண்ட்ரோலரில் இணைத்து அளந்தபோது, என் ஒற்றை என்ஜினே புகையுடன் ஏற்றத்தில் 2.6 ஆம்பியர் எடுத்தது.

கடைக்கு எழுதினேன். தண்டவாளத்தைத் துடைக்கச் சொன்னார்கள்; ஒவ்வோர் இணைப்பாகத் துடைத்தேன். மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், செய்தேன். பிறகு என்ஜின்தான் பழுது என்றார்கள். அடாப்டரின் படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது: 5 ஆம்பியர் என்பது கண்ட்ரோலர் தாங்கக்கூடிய அளவாம், அடாப்டர் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்ததாம், வலுவானதை நான் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கண்ட்ரோலரின் கையேட்டிலோ 16 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் எந்த அடாப்டரை வாங்கினாலும் என் என்ஜின் உரிய வேகத்தில் ஓடாது. இதைக் கேட்டபிறகு பதிலே வரவில்லை. தளத்தில் புகார் செய்தால், பொருள் இயங்குகிறது, உறையும் பிரிக்கப்பட்டுவிட்டது, ஆகவே பணம் திரும்பாது என்றார்கள். 5 ஆம்பியர் என்று சொன்னது தொலைபேசியில் மட்டுமே என்பதால் என் கையில் சான்று எதுவும் இல்லை. எட்டு மாதச் சேமிப்பு! ஒரு முழு என்ஜினே வாங்கியிருக்கலாம்.

எந்தக் கண்ட்ரோலர் யாருக்குப் பொருந்தும் என்று விரிவாக ஒப்பிட்டு எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்கு மனம் இடம் கொடுக்கவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். அடாப்டரின் பின்புற எழுத்து தெரியும்படி படம் கேளுங்கள். தண்டவாளத்துக்கு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். காணொளி கேட்டால், பெட்டிகளைப் பூட்டிப் புகையுடன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய எல்ஜிபி என்ஜின் வைத்திருப்பவர்கள், அதன் ஒலிக் கட்டளைகளைப் பழைய தொடர் முறையில் (ஒரே கட்டளையை அடுத்தடுத்து அனுப்பி, அதன் எண்ணிக்கையால் எந்த ஒலி என்று சொல்லும் முறை) நீங்கள் வாங்கும் கண்ட்ரோலர் அனுப்புமா என்று தனியாகக் கேளுங்கள். சில பழைய டிகோடர்களுக்கு அந்த முறை மட்டுமே புரியும். டிகோடர் இல்லாத என்ஜினை டிஜிட்டல் தண்டவாளத்தில் வைக்காதீர்கள், மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும். வாங்கிய அன்றே, தண்டவாளத்தின் கடைக்கோடியில் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள்; இந்த ஷார்ட் சர்க்யூட்டில் கண்ட்ரோலர் மின்சாரத்தை உடனே நிறுத்தாவிட்டால் என்ஜினை அதில் ஏற்றாதீர்கள்.

இன்று காலை பார்த்தேன். "எல்லா அளவு ரயில்களுக்கும் ஏற்றது" என்ற அதே வரியோடு அந்த விளம்பரம் இன்னும் அங்கேயே இருக்கிறது.